ஸ்பீக்கரில் கைவைத்துக் கேட்ட அன்ரன் அண்ணா

நெடுங்கேணிக் கல்யாணவீடு ஒன்றின் வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றப் போட்டுவிட்டு, கொம்பியூட்டருக்கு முன்னால் தேத்தண்ணியோடு இருந்தபோதுதான் ஜெனோவாவின் அழைப்பு வந்தது. அவள் அன்ரன் அண்ணாவின் தங்கை. "அண்ணா எங்களை விட்டுப் போட்டார், அக்கா. நித்திரையிலைதான். ஒரு கரைச்சலும் படேல்லை," என்றாள். நான் "ஓம்" என்று மட்டும் சொன்னேன். உண்மையை எழுதுவதானால், எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, அப்பாடா என்ற ஒரு மூச்சுத்தான். சிறுநீரகம் கைவிட்ட பிறகு, இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அவர் பட்ட அலைச்சலைப் பார்த்த எவரும் இதற்காக என்னைக் கோபிக்க மாட்டார்கள். அழுகை பின்னேரம் வந்தது. கடைக்கு வந்த ஒருவர் அன்ரன் அண்ணாவின் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தபோது அடக்க முடியவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்கும் அவர் கை பட்ட ஏதாவதொன்று வீட்டில் இருக்கும். கிளிநொச்சியில், ஏ-ஒன்பது வீதியோரம், நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்திய வீடியோக் கடை வழியாகத்தான் எத்தனையோ சாமத்தியவீடுகளும் கல்யாணவீடுகளும் செத்தவீடுகளும் கனடாவுக்கும் பிரான்சுக்கும் போயின. வெட்டி ஒட்டுவதும் வாற சனத்தோடு கதைப்பதும் என் வேலை. ஓடாததை ஓட வைப்பது அவர் வேலை. திறக்காத வீடியோ, சத்தம் வராத வீடியோ, பாதி வழியில் நின்றுவிடும் மாற்றம் எல்லாம் அவருடைய மேசைக்குத்தான் போகும்.

அவருக்குக் காது கேட்காது. எப்படிப் போனது என்று நான் எழுதத் தேவையில்லை, முல்லைத்தீவுக் கரையில் போரின் கடைசி மாதங்களைக் கண்டவர்களுக்குத் தெரியும். வளர்ந்த பிறகு போன காது என்பதால் பேச்சு முழுதாக இருந்தது. கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது என்றும் சொல்லலாம். அவர் கடைக்குள் கதைத்தால் வீதிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். மற்றவர்கள் கதைப்பதை உதட்டைப் பார்த்தே விளங்கிக்கொள்வார். நான் கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டு ஏதாவது சொன்னால், "தங்கச்சி, என்ரை முகத்தைப் பாத்துக் கதை. உந்தப் பெட்டிக்கும் காது இல்லை," என்று ஏச்சு விழும். எல்லாரும் மாஸ்க் கட்டித் திரிந்த காலத்தில் மனிதர் பட்ட எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

செத்தவீட்டில் அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டா: "பிள்ளை, அவன்ரை குரல் உங்கடை பெட்டியளுக்கை எங்கையும் கிடக்கோ? முப்பத்தோராம் நாள் பூசை முடிஞ்சு சனம் வீட்டை வரேக்கை ஒருக்காக் கேக்கலாம் எண்டு." தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேடினேன். ஊரில் உள்ளவர்களின் குரல் எல்லாம் இருந்தது. மணவறையில் ஐயர் மந்திரம் சொன்னார், சுவாமியார் செபித்தார், பிள்ளைகள் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். அன்ரன் அண்ணா ஒன்றிலும் இல்லை. கமரா தன் பக்கம் திரும்பினால் எழுந்து போய்விடுகிற ஆள் அவர். அதை அம்மாவிடம் சொல்வதைத் தள்ளிப்போட்டு நாட்களைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் அவருடைய பழைய கூத்துகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எங்கள் கடை மூலையில் கிடக்கும் பழைய ரீவியை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒருமுறை நெடுங்கேணியிலிருந்து ஒரு ஐயா, நாங்கள் கொடுத்த பென்டிரைவைக் கொண்டு திரும்பி வந்தார். கடையில் நன்றாக ஓடிய வீடியோ அவர் வீட்டு ரீவியில் ஓடவில்லை. நாங்கள் புது முறையில் சுருக்கியிருந்தோம். பழைய ரீவிக்கு அது விளங்கவில்லை. ஐயா ஏசவில்லை, "பாக்க வந்த சனம் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போட்டுதுகள்," என்றார், அவ்வளவுதான். அன்ரன் அண்ணாவுக்கு அது தாங்கவில்லை. அடுத்த நாளே எங்கிருந்தோ இந்த ரீவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். "கொம்பியூட்டரிலை ஓடினாப் போதுமே? சனம் என்னத்திலை பாக்கப் போகுது எண்டு முதல்லை கேள். பிறகு மாத்து." அன்றிலிருந்து இந்த ரீவியில் ஓடிக் காட்டாத ஒரு பென்டிரைவும் கடையை விட்டுப் போனதில்லை. படத்தைக் கண்ணால் பார்ப்பார். சத்தத்துக்கு ரீவியின் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைப்பார். அதிர்வு கையில் குத்தும்வரை அப்படியே நின்றுவிட்டு, "குத்துது. குடு," என்பார்.

சத்தத்துக்கும் படத்துக்கும் பொருத்தம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அவரே சொல்வார். அடக்கம் என்பது அவருக்கு ஒத்துவராத சாமான். முல்லைத்தீவில் புடவைக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர், மகளின் நிக்காஹ் வீடியோவைக் கொண்டுவந்தார். உறவுக்காரர் ஒருவர் போனில் எடுத்து, அவரே ஏதோ இலவசச் செயலியில் மாற்றிக் கொடுத்தது. "மருமகன் வாயை மூடின பிறகுதான் 'கபில்து' எண்டு கேக்குது. பின்னாலை நிண்டு வேறை ஆரோ சம்மதம் குடுத்த மாதிரியெல்லோ கிடக்கு. சம்பந்தி வீட்டுக்கு இதை எப்பிடிக் காட்டுறது?" என்றார். அன்ரன் அண்ணா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் ஹாஜியாரும் சிரித்துவிட்டார்.

பிறகு என்னிடம் கேட்டார்: "அந்தச் சொல்லிலை உதடு ஒட்டுற எழுத்து எது?" "பி" என்றேன். மாப்பிள்ளையின் இரண்டு உதடும் ஒட்டுகிற இடம் வரும்வரை படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். கீழே சத்தம் கோடாக ஏறி இறங்கும் இடத்தில், அந்தச் சொல் எங்கே வருகிறது என்று என்னைப் போட்டுக் கேட்டுக் காட்டச் சொன்னார். "இஞ்சை பார். வாய் மூடேக்கை கோடும் படுக்குது. ரெண்டும் நேருக்கு நேர் வரவேணும்." ஆனால் உடனே நகர்த்திவிடவில்லை. வீடியோவின் தொடக்கத்தைப் பார்த்தார், அங்கே உதடும் கோடும் சரியாக இருந்தன. போகப் போகத்தான் விலகியது. "தொடக்கத்திலை சரி, முடிவிலை பிழை எண்டா, நகர்த்தி வேலையில்லை," என்றார். போன் எப்போதும் ஒரே வேகத்தில் படம் பிடிப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் படங்களின் எண்ணிக்கையையும் குறைத்துவிடும். சத்தம் மட்டும் தன்பாட்டில் ஒரே சீராக ஓடும். அந்த இலவசச் செயலிக்கு இது தெரியவில்லை. அதனால் போனில் இருந்த மூல வீடியோவைக் கேட்டு வாங்கி, முதலில் அதை ஒரே வேகத்துக்கு மாற்றிய பிறகுதான் உதட்டைப் பொருத்தினார். ஹாஜியார் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார். "அல்ஹம்துலில்லாஹ். இப்பத்தான் என்ரை மருமகன் சொல்லுறார்," என்றார்.

காது கேட்காத மனிதர் சத்தத்தைச் சரிசெய்கிறாரே என்று வியந்தவர்களிடம், "காது கேக்கிறவை எல்லாரும் வடிவாக் கேக்கினமோ?" என்று திருப்பிக் கேட்பார். அவருக்குக் கோபம் வருவது மனிதரிடம் அல்ல, அவசரம் தெரியாத பெட்டியிடம். வவுனியா பஸ்ஸைப் பிடிக்க ஒருவர் வாசலில் நிற்க, மாற்றம் தொண்ணூற்றொன்பது வீதத்தில் வந்து அசையாமல் கிடந்தால், அவர் கொம்பியூட்டரோடு சண்டை பிடிப்பதைக் காதால் கேட்க முடியாது. ஆனால் கை மட்டும் அவசரப்படாது. "முதல்லை ஒரு கொப்பி எடு, பிறகு கையை வை." "ஒரு நேரத்திலை ஒண்டைத்தான் மாத்து." திறக்காத வீடியோ வந்தால் அதன் அளவைத்தான் முதலில் பார்ப்பார். அளவு இருந்தால் முகம் மலரும். "பாரம் இருக்கெண்டா உள்ளுக்கை ஆள் இருக்கு, தங்கச்சி."

முப்பத்தோராம் நாளுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, ஜெனோவாவும் அம்மாவும் முல்லைத்தீவு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஜெனோவா தன் போனை நீட்டினாள்.

"அக்கா, நத்தார்ப் பெருநாளுக்கு அண்ணா வீட்டை வந்தவரெல்லோ. அண்டைக்கு ஒண்டு எடுத்தனான். எடுத்துக்கொண்டிருக்கேக்கை பற்றரி சார்ஜ் இறங்கிப் போன் நிண்டிட்டுது. பிறகு அது திறக்குதில்லை."

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"போன் கடையிலை காட்டினனான். பழுது, அழியுங்கோ எண்டவை. எனக்கு மனம் வரேல்லை. இதாலை ஒண்டும் வராதெண்டு நினைச்சுப் பேசாமல் இருந்திட்டன்."

முதலில் ஒரு கொப்பி எடுத்தேன். பிறகு அளவைப் பார்த்தேன். பாரம் இருந்தது.

போன், வீடியோ எடுத்து முடிந்ததும் கடைசியில்தான் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை எழுதி மூடும். பற்றரி சார்ஜ் இறங்கினால் அந்தக் கடைசி வேலை நடக்காது. பூவெல்லாம் கோத்தாயிற்று, முடிச்சு மட்டும் போடவில்லை என்ற நிலை. இதற்கென்று ஒரு மென்பொருள் உண்டு. அதே போனில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றைக் காட்டினால், அதைப் பார்த்து இதற்கும் முடிச்சுப் போடும். அன்ரன் அண்ணா அதைச் செய்யும்போது பக்கத்தில் இருந்திருக்கிறேன். தனியாகச் செய்தது அதுதான் முதல் தடவை. ஜெனோவாவின் போனில் இருந்த ஒரு பிறந்தநாள் வீடியோவைக் காட்டி ஓடவிட்டேன். திரை முழுக்கப் பச்சையும் சாம்பலுமாகக் கட்டம் கட்டமாக விழுந்தது. அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தா. "இது என்ன பிள்ளை, மழையோ?" என்றா. நான் திரையை மூடிவிட்டேன். இவ்வளவு தூரம் வந்த மனிசியை வெறுங்கையோடு அனுப்பப் போகிறேனே என்று நினைத்தேன்.

வேறு மென்பொருள் தேடலாம், வேறு விதமாகத் தட்டிப் பார்க்கலாம் என்று கை பரபரத்தது. அவர் இருந்தால் கையில் தட்டியிருப்பார். ஒரு நேரத்தில் ஒன்று. முதலில் அந்த நல்ல வீடியோ உண்மையில் நல்லதுதானா என்று பார்க்க வேண்டும்.

"ஜெனோவா, இந்தப் பிறந்தநாள் நீ எடுத்ததோ?"

"இல்லை அக்கா, அது சித்தி வாட்ஸப்பிலை அனுப்பினது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, உயிரும் வந்தது. வேறு போனில் எடுத்து, வழியில் சுருக்கி அனுப்பிய வீடியோ அது. அதைப் பார்த்து இதற்கு எப்படி முடிச்சுப் போடுவது? "இப்ப ஒண்டு எடு," என்றேன். "நத்தாருக்கு எடுத்தபடியே, ஒண்டையும் மாத்தாமல்." எடுப்பதற்கு ஆள் வேண்டுமே. அம்மா அன்ரன் அண்ணாவின் கதிரையில் இருந்தா. "என்னத்தைக் கதைக்கிறது?" என்று கேட்டா. "என்னத்தையும் கதையுங்கோ, அம்மா." அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, காலையில் கரையில் முரல் மீன் பட்ட கதையையும், பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்காத கதையையும் சொன்னா. அந்த வீடியோவை மென்பொருளுக்குக் காட்டினேன்.

திறந்தது. வாசலில் பிளாஸ்ரிக் கதிரையில் அன்ரன் அண்ணா இருந்தார். மெலிந்திருந்தார், ஆனால் புருவம் அதே பழைய புருவம். வாய் அசைந்தது, சத்தம் பிந்தி வந்தது. இப்படி மீட்ட வீடியோக்களில் அது வழமைதான். அம்மா திரையைத் தொடப் போன கையை மடியில் வைத்துக்கொண்டா. "கொஞ்சம் பொறுங்கோ, அம்மா," என்றேன். சத்தத்தை ஓடவிட்டு, உதடு ஒட்டுகிற சொல் எங்கே வருகிறது என்று காதைத் தீட்டினேன். கடைசியில் ஓரிடத்தில் "அம்மா" என்று கூப்பிட்டார். அந்த இடத்தில் அவர் உதடுகள் மூடுவதைத் தேடிப் பிடித்து, சத்தத்தின் கோட்டை அதற்கு நேரே கொண்டுவந்து விட்டேன். தொடக்கத்தையும் பார்த்தேன். அங்கேயும் பொருந்தியது. பிறகு முதலிலிருந்து போட்டேன்.

"எடியே, போனைப் படுக்க வைச்சுப் பிடி! நிறுத்திப் பிடிச்சா ரீவியிலை ரெண்டு பக்கமும் கறுப்பெல்லோ விழும். எத்தினை தரம் சொல்லுறது உனக்கு? அம்மா, இவளுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ..."

அத்தோடு நின்றது. அம்மா திரும்பவும் போடச் சொன்னா. போட்டேன். மூன்றாம் முறையும் போடச் சொன்னா. அது முடிந்ததும், பக்கத்தில் நின்ற ஜெனோவாவைத் திரும்பிப் பார்த்து, மகன் கேட்டதை அன்றைக்குச் செய்யாமல் விட்ட தாயாக, உரத்த குரலில் சொன்னா: "படுக்க வைச்சுப் பிடியடி!" ஜெனோவா அழுதுகொண்டே சிரித்தாள். நானும் அப்படித்தான். அவர் போன செய்தி வந்த அன்று விட்ட மூச்சு பாதி மூச்சு. மீதி அப்போதுதான் வெளியே வந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்ல நீளமாக ஒன்றும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் அம்மாவிடம் கேட்டது அவருடைய கேள்வியைத்தான்: "அம்மா, இதை என்னத்திலை பாக்கப் போறியள்?"

"எங்கடை வீட்டு ரீவியிலை, பிள்ளை. பழசு."

பழைய ரீவிக்கு விளங்கும் விதமாக மாற்றி, பென்டிரைவில் ஏற்றி, மூலையில் கிடக்கும் ரீவியில் போட்டேன். இரண்டு பக்கமும் கறுப்பு விழுந்தது, நடுவில் அவர் ஏசிக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். ஆனாலும் ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.

குத்தியது. கொடுத்தேன்.