சட்டம் இல்லாத பனிவாரி

பெரிய ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கெவீனா முனையில், ஏரிக்காற்று அள்ளிவரும் பனி கொட்டத் தொடங்கினால் ஊரே வானத்தைத் திட்டும். ரெய்னோ ஹாபலா மட்டும் ரொட்டி சுட வெண்ணெயை எடுத்து அடுப்பருகே வைத்து இளக்குவார். பனி விழுந்தால் கார்லோ வருவார், அதுதான் விஷயம்.

கார்லோ வைரோ அரை மைல் தள்ளி இருப்பவர். ரெய்னோவின் மனைவி சில்வி இறந்த வருடத்திலிருந்து, யாரும் கேட்காமலே, முன்னால் தகடு கட்டிய தன் பழைய வண்டியில் வந்து, சாலையிலிருந்து வீடு வரை நீளும் பாதையில் கிடக்கும் பனியைத் தள்ளிவிட்டுப் போவார். சும்மா போகமாட்டார். உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றி, காபி குடித்து, ரெய்னோ சுட்ட ஏலக்காய் ரொட்டியை மரத்தூள் என்று ஏசிக்கொண்டே தின்று தீர்த்து, ஊர்வம்பெல்லாம் அளந்துவிட்டுத்தான் கிளம்புவார். குளிர்காலம் முழுக்க அந்த வீட்டுக்குள் கேட்கும் மனிதக் குரல் அது ஒன்றுதான். மற்ற நாளெல்லாம் ரேடியோவும் ஃபிரிட்ஜும்தான் பேசும்.

அந்த இலையுதிர்காலத்தில் கார்லோவின் வண்டியில் கியர்பெட்டி போய்விட்டது. தபால் பெட்டியருகே பார்த்தபோது சொன்னார்.

"வண்டி மண்டையைப் போட்டுடுச்சு, ரெய்னோ. இந்த வயசுல இன்னொண்ணு வாங்கி நான் என்ன பண்ணப் போறேன்? பனியை வாரி எறியுற பழைய பனிவாரி ஒண்ணாப் பாத்து உன் டிராக்டருக்கு மாட்டிக்க. அப்புறம் எவன் கையையும் எதிர்பாக்க வேண்டாம்."

வண்டி போனால் போகட்டும், நீ வந்துட்டுப் போயேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கார்லோவின் இத்தாலிக்காரச் சனத்தில் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். ரெய்னோவின் பின்லாந்துக்காரச் சனத்துக்கு அது நாக்கில் வராது. ஒருத்தரை வா என்று கூப்பிட்டால் அவருக்குத் தொந்தரவு. காரணமில்லாமல் போய் ஒரு கதவைத் தட்டினாலும் தொந்தரவு. வேலை ஒன்று இருந்தால் மட்டும் எந்த வீட்டுக்குள்ளும் தலை நிமிர்ந்து போகலாம், எத்தனை நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். இந்த வறட்டு ரோஷத்தை என்னவென்று சொல்வது. ரெய்னோ "சரி" என்றார், வீட்டுக்கு வந்துவிட்டார்.

தோட்ட டிராக்டர் சில்வியின் காய்கறிப் பாத்திக்காக வாங்கியது. வயசான வண்டிதான், ஆனால் இன்ஜின் கல்லுமாதிரி. அந்த மாடலுக்குப் பொருந்தும் பனிவாரிகள் அக்கம்பக்கத்தில் இரண்டு விற்பனைக்கு இருந்தன.

முதலாவது ஒரு விதவையம்மாளுடையது. ரெய்னோ ஆயுள் முழுக்க மாவட்டச் சாலைப் பட்டறையில் பனித்தள்ளி வண்டிகளை ரிப்பேர் செய்தவர். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. பனியை வாரி இழுக்கும் திருகைப் பிடித்து ஆட்டினார், ஆட்டமே இல்லை. திருகில் கல் சிக்கினால் தானே முறிந்து கியரைக் காப்பாற்றுவதற்கென்று ஒரு மெல்லிய ஆணி உண்டு. சோம்பேறிகள் அந்த இடத்தில் கெட்டியான போல்ட்டைப் போட்டு முடுக்கிவிடுவார்கள். இதில் சரியான ஆணியே இருந்தது. அடித்தகட்டில் துரு கிடையாது. வாரியை மாட்டுவதற்காக டிராக்டரின் வயிற்றில் பூட்டுகிற இரும்புச் சட்டத்தைக்கூட அந்த அம்மாள் கோணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். பழைய பனிவாரி விற்பவர்களில் பாதிப்பேர் தொலைப்பது அந்தச் சட்டத்தைத்தான். டிராக்டரை விற்கும்போது அதோடேயே போய்விடும். இதையோ கொண்டுபோய் மாட்டினால் அன்றைக்கே ஓட்டலாம்.

ரெய்னோ அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு குறையும் இல்லை. இதை மாட்டிவிட்டால் கார்லோ தன் பாதையில் கால் வைக்கக் காரணமே இருக்காது என்பது அப்போதுதான் உறைத்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

இரண்டாவது ஒரு உருளைக்கிழங்குக்காரரின் கொட்டகையில் கிடந்தது. வாரி நன்றாகத்தான் இருந்தது, சட்டம் இல்லை. உருளைக்கிழங்குக்காரர் ஒளிக்கவில்லை, சட்டம் இல்லாமல் இது வெறும் இரும்பு, புதிதாக அடிக்க வேண்டுமென்றால் வெல்டிங் தெரிந்த ஆள் வேண்டும், அளவெடுத்து, வெட்டி, ஒட்டி, சரிபார்க்க வாரக்கணக்கில் ஆகும் என்று அவரே எச்சரித்தார்.

வாரக்கணக்கில் என்ற சொல் ரெய்னோவுக்குத் தேனாக இனித்தது. வெல்டிங்கில் கார்லோ புலி. மத்தியானம் மத்தியானம் அவர் ஷெட்டில் நிற்கலாம், இரும்பைப் பிடித்துக்கொடுக்கலாம், திட்டு வாங்கலாம். பேரம்கூடப் பேசாமல் அதை வாங்கி ஏற்றினார்.

மறுநாள் டிராக்டரையும் வாரியையும் இழுவை வண்டியில் கட்டிக்கொண்டு கார்லோவின் ஷெட்டுக்குப் போனார். கார்லோ குனிந்து பார்த்தார், சுற்றி வந்தார், மறுபடி குனிந்தார்.

"சட்டம் எங்கய்யா?"

"கவனிக்கல."

தொழிலில் ஒரு மரை தேய்ந்திருந்தால்கூடத் தூரத்திலிருந்தே சொல்லும் மனிதர். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் காது சிவந்துவிட்டது. கார்லோ கேலி செய்வார் என்று எதிர்பார்த்தார். கார்லோ செய்யவில்லை. பாவம் என்பது போல் பார்த்தார், அது இன்னும் சுட்டது.

"கண்ணு மங்கிடுச்சாய்யா உனக்கு? பரவால்ல விடு. நான் இருக்கேன்ல."

எத்தனை நாள் ஆகும் என்று ரெய்னோ கேட்டார். கார்லோ சிரித்துக்கொண்டே ஷெட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார். புல்லுக்குள் இதே மாடல் டிராக்டர் ஒன்று, என்றைக்கோ இன்ஜினுக்காக வாங்கிக் கழற்றிப்போட்ட கூடு, கவிழ்ந்து கிடந்தது. அதன் வயிற்றில் வாரியை மாட்டும் சட்டம் போல்ட்டோடு அப்படியே இருந்தது.

காபி கொதிக்கிற நேரத்துக்குள் கழற்றி, பூட்டி, பெல்ட்டை மாட்டி, இன்ஜினைப் போட்டுச் சுற்றவிட்டுக் காட்டிவிட்டார். நண்பனுக்கு உதவிய சந்தோஷம் முகம் முழுக்க.

"யோகக்காரன்யா நீ. வாரக்கணக்குல நாம ரெண்டு பேரும் இதோட மல்லாடியிருக்கணும், தெரியுமா?"

"தெரியும்" என்றார் ரெய்னோ.

கார்லோ கையைத் துடைத்துக்கொண்டே அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "நிம்மதியாச்சு. அங்க ஒத்தையா பனிக்குள்ள மாட்டிப்பியோன்னு நெனச்சு நெனச்சு எனக்குத் தூக்கமே இல்ல. இனி அந்தக் கவல இல்ல."

ரெய்னோ நன்றி சொன்னார். வேறு ஏதோ சொல்லவும் வாயெடுத்தார். அதற்குள் கார்லோ ஷெட் கதவைச் சாத்தப் போய்விட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் பனி மண்டியது. பனிவாரி ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. அந்தச் சாலையிலேயே துப்புரவான பாதை ரெய்னோவுடையதுதான். சாலையோரம் மலைபோல் குவிந்த பனியைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை, ஒரு கார் வசதியாகத் திரும்பி உள்ளே வருகிற அளவுக்கு அகலமாக வாரிவைத்தார். மார்ச் வரைக்கும் அதில் பதிந்த தடம் எல்லாம் அவருடைய டிராக்டரின் தடம்தான்.