தேருக்கு மட்டும் வழிவிடும் தெரு

கலாவதி அக்காவைக் கொன்றது தேர்வீதியை அடைத்து நின்ற டூரிஸ்ட் பஸ்கள். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே அலறிக்கொண்டு நின்றதையும், அக்காவை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து பஸ்களின் இடுக்கில் தூக்கிக்கொண்டு ஓடியதையும் யாரும் எழுதவில்லை.

நான் காணிப்பாக்கத்தில் யாத்ரீகர்களை இறக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் டிரைவர் ஒருவர் போனில், "அக்கா பூட்டாங்கப்பா" என்றார். நம்பாமல் அக்காவின் எண்ணுக்கே அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அக்கா இல்லை என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. காலையில்தான், தாமதமாக வந்ததற்கு என்னைத் திட்டியிருந்தார்.

திருப்பதியில் தமிழ் யாத்ரீகர்களுக்கு வழிகாட்டிகளாக இருவரும் சேர்ந்து வேலை பார்த்தோம். மற்றவர்கள் பஸ்ஸைக் கோயில் வாசல்வரை கொண்டுவருவார்கள். அக்கா தள்ளியிருக்கும் மைதானத்தில் நிறுத்திவிட்டு எல்லோரையும் நடத்திக் கூட்டிவருவார். முடியாதவர்களை ஆட்டோவில் ஏற்றுவார். டிரைவர்கள் அவரைக் 'கலெக்டரம்மா' என்று கிண்டல் செய்வார்கள். ஒருமுறை சென்னைக்காரர் ஒருவர், சாமி கும்பிட வந்தோமா வாக்கிங் வந்தோமா என்று சத்தம் போட்டார்.

"இந்தத் தெருவுல சனங்க குடித்தனம் பண்ணிக்கினு இருக்கறாங்க சார். உங்க வாசல்ல பஸ்ஸ நிறுத்தினா சும்மா இருப்பீங்களா?" என்றார் அக்கா. சென்னைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்.

தேர் நாளில் அந்தத் தெரு வேறு தெரு. கடைக்காரர்கள் தாங்களே பந்தலைப் பிரிப்பார்கள். லாட்ஜ்காரர்கள் போர்டைக் கழற்றுவார்கள். ஒரு சைக்கிள்கூட நிற்காது. லாட்ஜ் முதலாளிகள் கூட்டத்துக்குப் போய் அக்கா அதைத்தான் கேட்டார்: "தேருக்குன்னா எல்லாத்தயும் நீங்களே பிரிச்சிப் போடறீங்கோ. மத்த நாள்ல மனுசங்களுக்கு வழி உடக் கூடாதா?"

"தேரும் நீயும் ஒண்ணாம்மா?" என்றார் தலைவர். கூட்டமே சிரித்தது.

நேற்று இரங்கல் கூட்டம். இதைப் படிக்கும் உங்களில் பலர் வந்திருந்தீர்கள். அதே தலைவர் படத்துக்கு மாலை போட்டார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். தெருமுனையில் அக்காவுக்குப் பெரிய பேனர் வைக்கப்போவதாக அறிவித்தார்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது மைதானத்திலிருந்து வரும் அந்த நடையைத்தான். நேற்று காலைகூட என் ஆட்களை அப்படித்தான் கூட்டிவந்தேன். நான் ஒருவன் நடந்தால் ஆம்புலன்ஸுக்கு வழி கிடைத்துவிடாது. அதனால் கூட்டத்தில் எழுந்து சொன்னேன்: "பேனர் வேணாம். நாளையிலேர்ந்து எல்லா பஸ்ஸும் மைதானத்துலயே நிக்கணும். சரின்னு இங்கயே சொல்லுங்க."

தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, டீ வந்துவிட்டதா என்று பார்க்கச் சொன்னார்.