மஹய்யாவையில் ஒரு பாதிக் கூடை

மழைக்கு ஒதுங்கத்தான் இந்தக் கொட்டகைக்குள் நுழைகிறேன். தெல்தெனிய பஸ் இன்னும் வரவில்லை. கதவில் சுண்ணாம்பால் எழுதியிருக்கிறது: 'கைவேலை செய்ய யாரும் வரலாம்.' உள்ளே களிமண், உளி, பிரம்புக் கட்டு, பிரம்பு ஊறும் சட்டி எல்லாம் தயாராக இருக்கின்றன. வெளியிலிருந்து வந்து வேலை செய்யத்தான் ஆளில்லை. ஐந்து கதிரைகளில் ஒன்றின் முன்னால் மட்டும் முடியாத கூடை ஒன்று இருக்கிறது.

அதை எடுக்கக் கை நீட்டுகிறேன்.

"அத வெச்சிருங்க தம்பி," என்கிறார், மூலையில் பலகை இழைக்கும் தச்சர் காசிம் நானா. கொட்டகையைத் திறந்தவர் அவர்தான். "ஒத்தர் பாதியில வெச்சிட்டுப் போனத இன்னொத்தர் தொடப்படாது. இங்க அதுதான் சட்டம்."

"யாரோட கூடை?"

"தொறந்த அண்டைக்கு ஒரு பொம்பள வந்தா. நாலு விரக்கடை ஒசரம் மட்டும் பின்னிட்டு, நாளைக்கு வாரேன்னு போனா. ஏற்கெனவே இருந்த மலேரியாக் காய்ச்சல் முத்தி அந்த ராவே மௌத்தாப் போய்ட்டா. அதோட ஊர்ல ஒத்தரும் வாரல்ல."

கூடையைக் குனிந்து பார்க்கிறேன். ஒரு சாண் உயரம் இருக்கிறது. விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிரம்பு, இப்போதுதான் சட்டியிலிருந்து எடுத்ததுபோல் சொட்டுகிறது.

"மிச்சத்த நீங்க பின்னினீங்களா நானா?"

"எனக்கு மரவேலை மட்டுந்தான் தெரியும்."

"அப்ப பூட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

அவர் கதவைத் திரும்பிப் பார்க்கிறார்.

"யாரும் வரலாம்னு எழுதினது நான்தானே தம்பி."

சொல்லிவிட்டு, சட்டியில் புதுத் தண்ணீர் ஊற்றுகிறார்.