குளியலறையில் ஐம்பத்திரண்டு நாள்

கொட்டாஞ்சேனையில் கொன்ஸ்ரன்ஸின் மாடிவீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுவது முன் அறையில் இருக்கும் நாலடி நீளக் கடல்நீர்த் தொட்டிதான். ஒரு சோடி கோமாளி மீன், பவளங்களுக்குள் ஒளிந்து விளையாடும் நாலைந்து சின்ன மீன்கள், எப்போதாவது வெளியே தலைகாட்டும் ஒரு சிவப்பு இறால். அவளுக்கு ஐம்பத்தொரு வயது. கப்பல் முகவர் அலுவலகமொன்றில் பத்திரங்கள் தயாரிக்கும் வேலை. காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு அந்தக் கண்ணாடிக்கு முன்னால் பத்து நிமிடம் நிற்காவிட்டால் அன்றைக்கு முழுக்க அலுவலகத்தில் எரிச்சலாகத்தான் இருப்பாள்.

தொட்டியின் இந்த அழகுக்குப் பின்னால் ஒரு செத்தவீடும் இருந்தது. நாலு வருடத்துக்கு முன்னர், கடையில் கண்டு ஆசைப்பட்டு வாங்கிய ஒரு குட்டி மீனை அன்றைக்கே தொட்டிக்குள் விட்டிருந்தாள். ஐந்தாம் நாள் அதன் உடம்பில் உப்புத் தூவினதுபோல வெள்ளைப் புள்ளிகள். பிறகு மற்ற மீன்களிலும். பவளமும் இறாலும் இருக்கிற தொட்டிக்குள் அந்த நோய்க்கான செம்பு மருந்தை ஊற்ற முடியாது, ஊற்றினால் அவை செத்துவிடும். மருந்து ஊற்றாததால் மீன்கள் செத்தன. ஒன்பது நாளில் பதினொன்றும். பழைய பெயின்ற் வாளியில் போட்டுக் கீழ்வீட்டு முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தாள்.

கிருமி பட்டினியில் சாகட்டுமென்று தொட்டியை மூன்று மாதம் மீனில்லாமல் வெறுமனே ஓடவிட்ட பிறகுதான் மறுபடி தொடங்கினாள். அதோடு ஒரு சட்டமும் வந்தது: புதிதாக எந்த மீன் வந்தாலும், எவ்வளவு நல்ல மீனாக இருந்தாலும், முதலில் பின்பக்கக் குளியலறையில் இருக்கும் நீலப் பிளாஸ்ரிக் தொட்டியில் தனியே இருக்கவேண்டும்.

அந்தச் சட்டத்துக்குச் சோதனை வந்தது அவர்களுடைய இருபத்தைந்தாவது கலியாண நாளோடு.

கணவன் இராஜநாயகம் துறைமுகத்தில் இழுவைப்படகு இயந்திரத்தோடு முப்பது வருடம் மாரடித்து ஓய்வு பெற்றவர். மீன் வளர்ப்பு அவருக்குப் புரியாது, ஆனால் மனைவியின் முகம் புரியும். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குச் சொந்தக்காரர் நாற்பது பேர் வருவதாக இருந்தது. வெள்ளி பின்னேரம், மாளிகாவத்தை மீன் வியாபாரி இன்ஸாப்பைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தார். இன்ஸாப்பின் கையில் தண்ணீர் நிரம்பிய ஒரு பெரிய பை.

"கண்ணை மூடு கொன்ஸி."

திறந்தபோது, பைக்குள் ஒரு பவுடர் புளூ. வான்நீல உடம்பு, கறுத்த முகம், முதுகோடு ஓடும் மஞ்சள் செட்டை. எத்தனையோ வருடமாக அவள் படத்தில் பார்த்துப் பார்த்து, நோய் பிடிக்கிற மீனென்று தனக்குத்தானே வேண்டாம் சொல்லிவந்த மீன்.

"ஐயோ, எங்கையிருந்து எடுத்தனீங்கள்?" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "நான் போய்ப் பின்னுக்கு நீல ரப்பை ரெடி பண்ணுறன்" என்றாள்.

இராஜநாயகத்தின் முகம் விழுந்துவிட்டது. "ஞாயிற்றுக்கிழமை ஆக்கள் வருகினம். பெரிய தொட்டியில விட்டால்தானே வடிவு?"

"விடேலாது. உங்களுக்குத் தெரியும்தானே."

இன்ஸாப்புக்கு ஐம்பத்தெட்டு வயது, இந்தத் தொழிலிலேயே பாதி ஆயுள். அவருக்குச் சுருக்கென்றது. "மிஸ், நம்மட இடத்துல பத்து நாள் நின்ட மீன். நல்லா சாப்பிடுது. ஒரு புள்ளி, ஒரு கீறல் இல்ல. இத பாத்ரூம்ல அடைச்சி வெச்சா மீனுக்குத்தான் கரைச்சல். பயந்தே செத்துப்போகும்."

அவர் சொன்னதில் உண்மையும் இருந்தது. சின்ன இடம், மணலில்லை, கல்லில்லை. தண்ணீர் ஒரு நாளில் கெட்டுவிடலாம். நீந்தித் திரியும் மீனுக்கு அது சிறைதான். கொன்ஸ்ரன்ஸுக்கும் அது தெரியும்.

"உங்களை நம்பாமல் இல்லை இன்ஸாப் பாய்," என்றாள். "என்னைத்தான் நம்பேலாது. இன்னொருக்கா வாளியோட படியிறங்க என்னால ஏலாது."

அவர் தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார்.

சனிக்கிழமை காலை மீன் பிளாஸ்ரிக் தொட்டியின் மூலையில், அவள் போட்டிருந்த குழாய்த் துண்டுக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்தது. ஒன்றும் தின்னவில்லை. முன் அறையில் இராஜநாயகம் கதிரைகளை அடுக்கிக்கொண்டு, அவள் பக்கம் திரும்பாமலே திரிந்தார். அவருடைய முதுகைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு நாளுக்கு மட்டும் பெரிய தொட்டியில் விட்டால் என்ன? வலையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய், தண்ணீருக்குள் இறக்கியும்விட்டாள். மீன் விலகவில்லை, செவுள் மட்டும் படபடவென்று அடித்தது. கை அப்படியே நின்றது. அவளுடைய கோமாளிச் சோடி முந்தின கிழமைதான் முதல்முறையாக முட்டை வைத்திருந்தது. வலையை எடுத்து உதறிக் கொடியில் காயப்போட்டாள்.

ஞாயிறு விருந்து நன்றாகத்தான் நடந்தது. இராஜநாயகமே மனம் மாறி, "எங்கட வீட்டில ஒரு ஆள் தனிமைப்படுத்தலில இருக்கிறார், பாக்க வாறீங்களா?" என்று பகிடி விடத் தொடங்கினார். சொந்தக்காரரெல்லாம் சோற்றுக் கோப்பையும் கையுமாகக் குளியலறை வாசலில் வரிசை கட்டினார்கள். மகள் றஷ்மி வங்கியில் வேலை செய்பவள். அங்கே பழகின பழக்கமோ என்னவோ, "ஒருத்தர் ஒருத்தராப் போங்கோ, சத்தம் போடாதேங்கோ" என்று வரிசையை ஒழுங்குபடுத்தினாள். மீன் அன்றைக்குத்தான் முதன்முதல் கடற்பாசித் துண்டொன்றைக் கடித்தது. அதைக் கண்டு ஒரு மாமி கைதட்டினாள்.

ஒன்பதாம் நாள் காலை, ரோர்ச் அடித்துப் பார்த்த கொன்ஸ்ரன்ஸ் ஒருமுறைக்கு இருமுறை எண்ணினாள். மார்புச் செட்டையில் மூன்று, வாலில் ஐந்து. வெள்ளைப் புள்ளிகள்.

பயத்தோடு கூடவே ஒரு நிம்மதியும் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நோய் இந்த ஒரு தொட்டியோடு நின்றுவிட்டது. இங்கே பவளமில்லை, இறாலில்லை. மருந்து ஊற்றலாம்.

செம்பு கூடினால் மீன் சாகும், குறைந்தால் கிருமி சாகாது. மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, காலையும் மாலையும் சோதனைக் குப்பியில் நிறம் பார்த்து அளந்தாள். உப்புத் தண்ணீர் கலந்து மாற்றுகிற வேலையை இராஜநாயகம் தானாகவே எடுத்துக்கொண்டார். இயந்திர அறையில் எண்ணெய் அளந்த கை, ஒரு சொட்டுப் பிசகாது. "இதை முதலே விளங்கப்படுத்தியிருக்கலாமே," என்றார் ஒருநாள். நாலு வருடமாக விளங்கப்படுத்தித்தான் வந்தாள். அடுத்த வாளியை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

இன்ஸாப்புக்கு அவள் போன் எடுத்தது குறை சொல்வதற்காக அல்ல. இந்த மீனோடு வந்த மற்றவற்றுக்கும் நோய் இருக்கலாம், கவனம் என்று சொல்லத்தான். அவர் அன்று பின்னேரமே முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார். குளியலறையில் ஸ்ரூலைப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

"வெள்ளவத்தையில ஒரு வீட்டுக்கு ரெண்டு குடுத்த மிஸ். அவங்க நேரா டேங்குல விட்டுட்டாங்க. எல்லாம் போச்சி. நேத்து அவங்க ஏசின ஏச்சு..." நிறுத்தினார். "நம்மட இடத்துல நல்லாத்தான் நின்டிச்சி. சத்தியமா தெரியா."

"எனக்குத் தெரியும் பாய். பத்து நாளில வெளியில தெரியாமலும் இருக்கும்."

இந்தமுறை தேத்தண்ணி குடித்தார். போகும்போது, எத்தனை நாள், எவ்வளவு மருந்து, எப்போது தண்ணீர் மாற்றுவது என்று அவளிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். அடுத்த மாதமே தன்னுடைய இடத்தின் பின்புறத்தில் ஆறு தொட்டிகளைத் தனியே ஒதுக்கிவிட்டதாகப் படம் எடுத்து அனுப்பினார்.

முப்பது நாள் மருந்து. பிறகு மருந்தில்லாத சுத்தமான தண்ணீரில் இன்னும் இரண்டு கிழமை. ஒரு புள்ளியும் திரும்பி வரவில்லை. மீன் கொழுத்து, அவளுடைய காலடிச் சத்தம் கேட்டாலே மேலே வரப் பழகியிருந்தது.

ஐம்பத்திரண்டாம் நாள் ஒரு ஞாயிறு. தேவாலயத்துக்குக் காலைப் பூசைக்குப் போக உடுத்திக்கொண்டு நின்றவர்கள், அப்படியே மீனை முன் அறைக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு நிமிடம் அசையாமல் நின்றது. பிறகு தொட்டியின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்கு ஒரே வீச்சாக நீந்தியது. திரும்பியது. மறுபடி நீந்தியது. கோமாளி மீன் ஒன்று தன் புது முட்டைப் பக்கம் வராதே என்று துரத்தப் பார்த்து, அது வலு கெதி, எட்டிப் பிடிக்க ஏலாதென்று கண்டு விட்டுவிட்டது.

"எவ்வளவு தூரம் ஓடுது பாத்தியா," என்றார் இராஜநாயகம், கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டு.

கொன்ஸ்ரன்ஸ் அவர் பக்கத்தில் இன்னொரு கதிரையைப் போட்டாள். கோயில் மணி முதல்முறை அடித்தது, இரண்டாம் முறையும் அடித்தது. அன்றைக்கு இரண்டு பேரும் பிரசங்கம் முடிகிற நேரத்துக்குத்தான் கோயிலுக்குள் நுழைந்தார்கள்.