ஒரு டம்ளர் கிணற்றுத் தண்ணி

சேறும் தண்ணியும் ஆராயுற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: எதை அள்ளிக்கொண்டு போனாலும் திருடி என்று யாரும் சொல்லமாட்டார்கள், பைத்தியம் என்றுதான் சொல்வார்கள்.

பட்டம் வாங்கின சூட்டோடு பாட்டிலும் கையுமாகக் கிணறு கிணறாக அலைந்த பாவப்பட்ட ஜென்மங்களே, இது உங்களுக்குத்தான். எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு வருட ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய ஈயக்குட்டைகளுக்குப் பக்கத்துக் கிணறுகளில் ஆர்செனிக் என்ற விஷம் ஊறுகிறதா என்று பார்ப்பது வேலை. எங்கள் வீடிருந்த குனோங் ராபாட்டில் என் வேலை என்னவென்று அக்கம்பக்கம் கேட்டால் அம்மா கதவைப் பாதி சாத்திக்கொண்டு ஒரே பதில்தான் சொல்வார்: "மக லேப்ல இருக்கா. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க லா."

சீரக வாசனை

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தா தோட்டம், ரப்பர் தோட்டம்தான். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஈயக்குட்டை, இரண்டுக்கும் நடுவில் ஒரு கிணறு. கிணற்றை ஒட்டின வீடு பாக்கியம் அக்காவுடையது. பால்மரம் சீவுகிறவர். மூணு பிள்ளைகள், மூணும் அந்தத் தண்ணியில்தான் வளர்ந்தன. தண்ணி கெட்டது என்று எழுத்தில் கொடுத்தால் பைப் போட்டுத் தருகிறேன் என்று தோட்டத்து மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த எழுத்தைக் கொடுக்கவேண்டியவள் நான்.

விடியற்காலையில் யாரும் வாளி விடுவதற்கு முன்னால் எடுத்த தண்ணி வேண்டும். ஒரே விடியலில் நான் எத்தனை தோட்டத்தில் நிற்பேன், சொல்லுங்கள்? அதனால் முதல் நாளே பாட்டிலைக் கொடுத்து, "ரொப்பி வைங்கக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் பாட்டில் தயார். கையில் வாங்கினால் வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கிருந்த அவசரத்தில் அதையும் கவனிக்காமல் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் துறைத் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர், சத்தம் போட்டே பேசத் தெரியாத மனிதர். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் நாலு சீரகம் கிடந்தது. விருந்தாளிக்குப் பச்சைத் தண்ணி கொடுப்பதா என்று அக்கா துணியில் வடிகட்டி, கொதிக்கவைத்து, சீரகம் போட்டுக் கொடுத்திருக்கிறார். எனக்கு மானமே போனது. தலைவர் பாட்டிலை மெதுவாக என் முன்னால் வைத்தார்: "பிள்ளை, இதுக்குக் கொஞ்சம் புளியும் விட்டிருந்தால் ரசம்."

ரோட்பிளாக்

திரும்பவும் போனேன். "அக்கா, கொதிக்க வைக்காதீங்க, வடிகட்டாதீங்க, ஒண்ணும் போடாதீங்க. கிணத்துத் தண்ணி அப்படியே வேணும்" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லி, மறுநாள் காலை இரண்டாவது பாட்டிலை வாங்கினேன்.

வரும் வழியில் போலீஸ் ரோட்பிளாக். என் ஹோண்டா கப் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பெட்டி நிறைய பாட்டில்கள். தண்ணியில் இருக்கும் உலோகம் பாட்டிலில் ஒட்டாமல் இருக்க ஊற்றுகிற ஆசிட் ஒரு சின்னக் குப்பியில் தனியாக இருந்தது. பாகான் செராய் ஊர்க்காரக் கான்ஸ்டபிள் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சம்சு என்கிற கள்ளச் சாராயம் கடத்துகிறவள் என்றே முடிவு கட்டிவிட்டார். தண்ணி, வெறும் தண்ணி என்று நான் தொண்டை கிழியக் கத்துகிறேன், மனுசன் கேட்டால்தானே! இருந்த பாட்டில்களை எல்லாம் விட்டுவிட்டு ஆசிட் குப்பியைத் திறந்து மூக்குக்குக் கொண்டுபோனார். ரெண்டு நிமிசம் இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே வழிவிட்டார்: "போங்க மிஸ், போங்க. இதக் குடிக்கிறவன நாங்க புடிக்கவே வேணாம், அவனே விழுந்துருவான் லா."

சுத்தமான முடிவு

இரண்டாவது பாட்டிலில் ஆர்செனிக் மருந்துக்குக்கூட இல்லை. தண்ணி என்றால் அப்படியொரு தண்ணி! துள்ளிக் குதித்து, "குடிக்கலாம்" என்று அறிக்கையை டைப் அடித்தேன். கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன்னால் நல்ல சேதியைச் சொல்லிவிட்டு வரலாமே என்று தோட்டத்துக்கு வண்டியை விட்டேன்.

அக்கா பூரித்துப் போனார். பெரிய டம்ளரில் தண்ணி கொடுத்தார். ஒவ்வொரு முறையும் போல மடக் மடக்கென்று குடித்தேன். காலி டம்ளரை வாங்கிக்கொண்டே அக்கா சாவகாசமாகச் சொன்னார்: "அன்னிக்கு நம்ம கெணறு கொஞ்சம் கலங்கலா இருந்துச்சு. படிச்ச புள்ள கேட்டதுக்கு அதயா குடுக்கறது? மேட்டு லயத்துக் கெணத்துக்கு நடந்துபோயி எடுத்தாந்தேன்."

மூன்றாவது பாட்டில்

எனக்கு வந்த கோபத்தில் பெட்டியை எட்டி உதைத்தேன். கால்தான் வலித்தது. மறுநாள் விடியுமுன்னே போய் நானே வாளி விட்டு இறைத்தேன். இந்தமுறை முடிவை இரண்டு தடவை சரிபார்த்தேன். அவ்வளவு ஆர்செனிக். பழைய அறிக்கையை நாலாகக் கிழித்தேன். நல்லவேளை, கையெழுத்துப் போடவில்லை.

மேனேஜர் புது அறிக்கையைப் படித்துவிட்டு, பைப் வர மூணு நாலு மாசம் ஆகும் என்றார். அதுவரை மேட்டு லயத்துக் கிணற்றில்தான் எடுக்கவேண்டும். சொன்னால் யார் கேட்கிறார்கள்? லயமே கூடிச் சிரித்தது. "கல்கண்டு மாதிரித் தண்ணி, இதப் போயி விசங்குறியே" என்றார்கள். காகிதத்தைக் காட்டினேன். பாக்கியம் அக்கா அதை வாங்கி, பார்த்து, மடித்து என்னிடமே கொடுத்தார். "வெயில்ல வந்திருக்கே, மொதல்ல இதக் குடி" என்று டம்ளரை நீட்டினார்.

வாங்கினேன். உதடுவரை கொண்டுபோனேன். முடியவில்லை. ஒரு வீட்டில் கொடுத்த தண்ணியைக் குடிக்காமல் வைப்பது கன்னத்தில் அறைவதைவிட மோசம் என்று எனக்குத் தெரியாதா? நானும் தோட்டத்தில் பிறந்தவள்தானே. டம்ளரைக் கீழே வைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அக்கா டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தண்ணியை மண்ணில் ஊற்றினார். நேரே கிணற்றுக்குப் போய் வாளிக் கயிற்றை அவிழ்த்து, சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்: "பேப்பர்ல என்னமோ எழுதியிருந்தே, ஒண்ணும் வெளங்கல. குடுத்த தண்ணிய நீ குடிக்காம வெச்ச பாரு, அது வெளங்கிருச்சி. ஏ புள்ளைங்களா, கொடத்த எடுங்க, மேட்டு லயத்துக்குப் போலாம்."

மூணு பாட்டிலும் முழ நீளத்துக்கு ஒரு அறிக்கையும் நிரூபிக்க முடியாததை நான் குடிக்காமல் வைத்த ஒரு டம்ளர் தண்ணி நிரூபித்தது. அதை அறிக்கையில் எந்தப் பத்தியில் எழுதுவது என்றுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.