ஆயுசுக்காரரின் கட்டில் வண்டி

தச்சருக்குத் தெருவில் வைத்த பெயர் ஆயுசுக்காரர். கதவு செய்தாலும் கட்டில் செய்தாலும் கடைசியில் அதன்மேல் ஒரு தட்டுத் தட்டி, "ஆயுசுக்கும் அசையாது" என்பார். ஒரு இன்ச் திருகாணி போதும் என்கிற இடத்தில் இரண்டு இன்ச் முடுக்குகிற மனிதர். அவர் செய்த நாற்காலியை நகர்த்த வேண்டுமென்றால் ஆள் கூப்பிட வேண்டும் என்று அவர் மனைவியே கேலி செய்வாள்.

வேலையெல்லாம் ஓய்ந்தபிறகு ஒரு பழைய வேனை வாங்கினார். இன்ஜின் பின்னால் இருக்கிற ரகம். உள்ளே அந்த இன்ஜின்மேல் பலகை போட்டு, தன் கையாலேயே கட்டில் அமைத்தார். சும்மா ஊர் சுற்ற அல்ல. தூரத்தில் இருக்கும் மகளுக்கு மூன்றாவது மாடியில் வீடு, லிஃப்ட் கிடையாது. மனைவிக்கோ முழங்கால் போய்விட்டது, படி என்றாலே கண்ணில் நீர் வரும். பேத்தி பிறந்து தவழவே ஆரம்பித்துவிட்டாள். இவள் இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை. வேனைக் கீழே நிறுத்திவிட்டால் அதுவே வீடு, மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிடுவாள்.

எல்லாம் சரி, வண்டி நின்றால்தான் தலைவலி. ஓடும்போது ஒழுங்காக ஓடும். சிக்னலில் நின்றதும் குளிர்ஜுரம் கண்ட மாதிரி உதறி, பொசுக்கென்று அணைந்துவிடும். மெக்கானிக் பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார்; ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. பின்னால் நின்றவர்கள் அடித்த ஹாரனில் மனைவிக்கு மானமே போனது. ஞாயிற்றுக்கிழமை தன் தம்பி வந்து வண்டியைக் கொண்டுபோய் விற்றுவிடட்டும் என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அடுப்படியில் தனியாக அழுததை அவர் பார்த்துவிட்டார்.

ஞாயிறு காலை தலையணைகளை எடுக்க வேனில் ஏறியவள், மனசு வராமல் கட்டிலிலேயே சாய்ந்துவிட்டாள். அவர் கடைசியாக ஒருமுறை இன்ஜினைப் போட்டார்.

"என்னங்க, என் இடுப்புக்குக் கீழ யாரோ உஸ்ஸுன்னு பெருமூச்சு விடறாங்க."

"வண்டிதான் விடுது. அதுக்கும் உன்னை விட்டுப் போக மனசில்ல."

"விளையாடாதீங்க, வந்து கேளுங்க."

காதை வைத்தார். கேட்டது. அவளை எழுப்பிவிட்டுப் பலகையைத் தூக்கி, இன்ஜினுக்குப் போகிற ரப்பர் குழாயைத் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அது விரலை உறிஞ்சிப் பிடித்தது. அந்த ஓட்டையை விரல் அடைத்ததும் உதறல் நின்று, இன்ஜின் பரம சாதுவாகிவிட்டது. அதன் வழியாக வெளிக்காற்று புகுந்துதான் இத்தனை கூத்தும்.

நிமிர்ந்தார். தூக்கிய பலகையின் அடியில் ஒரு திருகாணி முனை நீட்டிக்கொண்டிருந்தது. சரியாக அந்தக் குழாய்க்கு நேரே. அவர் முடுக்கிய இரண்டு இன்ச்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி எட்டிப் பார்த்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"கட்டில் அசையாதுன்னீங்க, அசையல. வண்டிதான் ஆடிப்போச்சு!"

"மெதுவா சிரிம்மா. மெக்கானிக்குக்குத் தெரிஞ்சா தமுக்கடிச்சிடுவான்."

திருகாணி முனையை அறுத்தெறிந்தார். வெட்கம் பார்த்தால் ஆகாது என்று மெக்கானிக்கிடமே போய்ப் புதுக் குழாய் கேட்டார். மெக்கானிக் சிரித்தது தெருக்கோடி வரை கேட்டது.

மத்தியானம் தம்பி வந்தபோது, அக்கா வண்டியின் முன்சீட்டில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, சாவியைக் குடுங்க. ஸ்டார்ட் ஆகுதான்னு பாத்துட்டுக் கெளம்பறேன்."

அக்காதான் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினாள்.

"அது ஸ்டார்ட் ஆகித்தான்டா நிக்குது. இந்தா, இது வீட்டுச் சாவி. நாங்க புள்ளையப் பாக்கப் போறோம்."