எங்க நோவுது?

புதுக்கோட்டைக் கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் சிறிய மாதா கோயிலுக்குள் நேற்று மகளைத் தூக்கிக்கொண்டு நுழைந்தபோது, ஆளில்லாத மதிய அமைதியில் உருகிய மெழுகின் வாசனை வந்து என்னை ஆறு வயதுக்கு இழுத்துப் போனது.

அப்போது அம்மாவோடு அறந்தாங்கியிலிருந்து துணியெடுக்க வரும்போதெல்லாம், இதன் வாசலை ஒட்டி, வேண்டுதலுக்கு வைக்கும் மெழுகுக் கைகளும் கால்களும் கண்களும் மட்டுமே விற்ற ஒரு கடையில் நிற்போம்; நூலில் தொங்கிய அவை மின்விசிறிக் காற்றில் மெல்லத் திரும்பித் திரும்பி எங்களைப் பார்க்கும், வெயில் ஏற ஏற மெழுகு விரல்கள் வளையும்.

கடைக்கார அம்மா யாரிடமும் என்ன வேண்டும் என்று கேட்டதில்லை.

"எங்க நோவுது ஆத்தா?" என்பார்.

"ஒண்ணும் நோவலைங்க, புள்ளைக்கு வேடிக்கை காட்டுறேன்" என்பாள் அம்மா.

"அப்பச் சரி. நோவுறப்ப வாங்க" என்று சிரிப்பார்.

இரண்டு வயதாகியும் என் மகள் வலது காலை ஊன்றுவதில்லை. மருத்துவர் பொறுக்கச் சொல்கிறார். பொறுப்பது சரியா தவறா என்று தெரியாமல்தான் அந்தக் கடையைத் தேடி வந்தேன். அங்கே இப்போது செல்போன் கடை.

"அந்தம்மா தவறி வருசக்கணக்காச்சுங்க. இப்ப எங்கிட்டும் மெழுகுக் கால் கெடைக்காது" என்றார் அந்தக் கடைக்காரர்.

ஆனால் கோயிலுக்குள், மாதாவின் காலடியில், ஒரே ஒரு மெழுகுக் கால் இருந்தது. வலது கால். தொட்டேன், இன்னும் சூடு ஆறவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே மகளின் பாதத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விரல் விரலாகப் பொருந்தியது.

"எங்க நோவுது ஆத்தா?"

கேட்டது என் குரல்தான் என்று நினைக்கிறேன்.